திரும்பி வர ஒரு திகதி சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ரொறன்ரோ மாநகர சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில், அறுபதுகளில் கட்டிய வாடகைக் கட்டடம் ஒன்றில் 1994 முதல் குடியிருக்கிறேன். அதை இடித்துச் சொகுசுக் கொண்டோ, அதாவது விற்பனைக்கான அடுக்குமாடி வீடுகள், கட்டப்போகிறார்கள் என்று வாசலில் பெரிய பலகை நிற்கிறது. விண்ணப்பம் உங்கள் வாக்கெடுப்புக்கு வருமுன் இதை எழுதுகிறேன்.

கட்டடம் பழசுதான். லிப்ட் அடிக்கடி நின்றுவிடும், மாரியில் ஹீற்றர் இரவிரவாகச் சத்தம் போடும். ஆனால் கீழே நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருக்கிறது. புதிதாக வந்திறங்கிய எங்கள் பெடியள் வேலை விசாரித்தது அங்கேதான். அகதி விண்ணப்பப் படிவங்களை மெஷினின் மேல் வைத்து நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு அதே இடத்தில் ஒரு சோமாலியத் தாய் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

இந்த நகரத்தில் 2007 முதல் நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு அல்லது அதற்கு மேல் வாடகை வீடுகளை இடித்தால் அதே அளவு வாடகை வீடுகளைத் திரும்பக் கட்ட வேண்டும், பழைய குடித்தனக்காரர் ஏறக்குறையப் பழைய வாடகைக்கே திரும்பலாம். அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாகாண அரசு 2022இல் சட்டமூலம் 23 மூலம் எடுத்துக்கொண்டது. தயவுசெய்து அந்தச் சட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்ராறியோவில் வீடு காலியானால் புதிதாக வருபவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு வருடாந்த உயர்வு வரம்பும் இல்லை. முப்பது வருட வாடகையை விட்டு வெளியே போகிறவருக்கு அது என்ன அடி என்று யோசியுங்கள்.

சரி, திரும்பி வரும் உரிமை இருக்கிறதே என்பீர்கள். இந்தத் திட்டம் பற்றி எங்களுக்கு வைத்த கூட்டத்தில் நாலாம் மாடி மாமி அதைத்தான் கேட்டார்: “தம்பி, எந்த வருஷம் திரும்பி வரலாம்?” மொழிபெயர்ப்பாளர் இல்லை, நானே ஆங்கிலத்தில் கேட்டேன். “சந்தையைப் பொறுத்தது” என்றார் கட்டப்போகும் நிறுவனத்து ஆள். எனக்கு நெஞ்சு பகீரென்றது. 2024, 2025இல் இந்த நகரத்தில் புதுக் கொண்டோ விற்பனை எப்படிப் படுத்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்களை அனுப்பிவிட்டு, விற்பனை சரியில்லை என்று வேலையை நிறுத்தினால் நாங்கள் எந்தக் கட்டடத்துக்குத் திரும்புவது? வெறும் குழிக்கா?

2018 ஓகஸ்டில் சென் ஜேம்ஸ் ரவுணிலேயே, 650 பார்லிமென்ற் வீதி அடுக்குமாடியில் தீப்பிடித்து ஏறத்தாழ 1,500 பேர் வெளியேறினார்கள். கட்டடம் நின்றது, இடிக்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் வீடு திரும்ப முடியவில்லை. இங்கே முழுதாக இடித்துக் கட்டப்போகிறார்கள். மாமிக்கு எழுபத்தொன்பது வயது. வருடா வருடம் குளிர் தொடங்கமுன் பல்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே இழுத்து ஹீற்றருக்கு எட்ட வைப்பார். டொக்டர், கடை, கோயிலுக்குப் போகும் பஸ் எல்லாம் அவருக்கு இந்த நாலு தெருவுக்குள்தான்.

புதுக் கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுமானப் பணம் உறுதியாகும்வரை ஒருவரையும் வெளியேற்ற அனுமதிக்காதீர்கள். வயதானவர்களுக்கு இதே சுற்றுவட்டாரத்தில் இடைக்கால வீடு பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தமிழ், சோமாலி மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புங்கள். திரும்பி வரும் மாதத்தையும் ஆண்டையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள், தவறினால் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் எங்கள் வாடகை வித்தியாசத்தை அவர்களே கட்ட வேண்டும் என்றும் சேர்த்து.

அன்புடன்,
ஒரு குடித்தனக்காரர்