செயலாளர் ஆண்டறிக்கை 2024: பூட்டுன கேட்டும் தெக்கு சரிவும்

தலைவர் அண்ணனுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், கொலராடோல இருக்கற நம்ம தமிழ் வேட்டை சங்கத்து மத்த எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கைய ரெண்டே பாராவுல முடிச்சிட்டேன்னு திட்டு வாங்குனேன், அதனால இந்த தடவ கொஞ்சம் நீட்டியே எழுதிருக்கேன், யாரும் பாதியில டீ போடறேன்னு எந்திரிச்சு போயிடாதீங்க.

நம்ம கணக்கு இப்போ ஒன்பது வீடு. மூணு கூட்டம் போட்டோம், துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு நாலு தடவ போனோம். புதுசா வந்த ரெண்டு பேரும் ஹன்டர் எஜுகேஷன்ங்கற வேட்டைப் பயிற்சி வகுப்ப முடிச்சு கார்டு வாங்கிட்டாங்க. கொலராடோல 1949 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்த யாருக்கும் பொதுவா அந்த கார்டு இல்லாம வேட்டை லைசென்ஸ் கிடையாது, அதாவது நம்ம எல்லாருக்கும்தான். இன்னொன்னு, எச்-1பி மாதிரி விசால இருக்கற தம்பிங்க நல்லா கேட்டுக்கங்க. ஃபெடரல் சட்டப்படி பொதுவா உங்க கையில துப்பாக்கியே இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த, காலாவதி ஆகாத ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. அதனால லைசென்ஸ் தேதி முடிஞ்சப்புறம் "சும்மா ரேஞ்சுக்குதானே அண்ணா"ன்னு தூக்கிட்டு வராதீங்க, ஒரு தடவ வக்கீல்கிட்ட கேட்டுக்கறது நல்லது. ஊர்ல மிளாவ தொட்டா 1972 சட்டம் உள்ள தள்ளும், இங்க கவர்மென்டே டேக், அதாவது ஒரு மிருகத்த சுடறதுக்கான பர்மிட், வித்து சுடச் சொல்லுது, ஆனா இங்கயும் பேப்பர் சரியா இல்லன்னா கதை ஒன்னுதான்.

டிரா, அதாவது டேக்குக்கான குலுக்கல் விஷயத்துக்கு வரேன். நாலாவது ரைஃபிள் சீசன்ல எல்க்ங்கற பெரிய மானுக்கு டேக் பொதுவா கடையில போய் வாங்க முடியாது, டிராதான். கடைசி நாள் ஏப்ரல் 2. குரூப்பா போடலாம்னு முடிவு பண்ணி விண்ணப்பத்துல போடற ஹன்ட் கோட அஞ்சு பேருக்கும் அனுப்புனேன். அந்த கோட்ல ரெண்டாவது எழுத்து எஃப்னா பெட்டை, எம்னா ஆண். நாலு பேர் சரியா போட்டாங்க, கவ் டேக், அதாவது பெட்டை எல்க்குக்கான டேக் கிடைச்சது. நம்ம திருநெல்வேலி தம்பி மட்டும் குரூப்ல சேராம தனியா போட்டு, அதுலயும் எஃப்க்கு பதிலா எம் தட்டி, டேக் கிடைக்காம, அடுத்த குலுக்கல்ல முன்னுரிமை குடுக்கற ஒரே ஒரு பிரிஃபரன்ஸ் பாயின்ட்டோட நின்னார். பாயின்ட் வீணா போகாது தம்பி, ஆனா அந்த வாரம் பூரா நீங்கதான் சமையல் பண்ணுனீங்க, அதுக்கு சங்கம் கடமைப்பட்டிருக்கு.

இப்ப நான் ஒத்துக்க வேண்டிய விஷயம். பிளான் போட்டது நான். மீக்கர் ஊர் பக்கம் ஒயிட் ரிவர் நேஷனல் ஃபாரஸ்ட், வேட்டைப் பகுதியோட யூனிட் நம்பர் இங்க எழுதல, ஏன்னு உங்களுக்கே தெரியும். ஜூலைல ஒரு தடவ போய் பாத்துட்டு வந்தேன், 9,400 அடியில ஃபாரஸ்ட் ரோடு ஓரம் அருமையான கேம்ப் இடம், பக்கத்துலயே தண்ணி, பின்னாடி கருகருன்னு ஸ்ப்ரூஸ் காடு, எல்க் சாணி கிடந்துச்சு, எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. ஜூலைல எல்க் இருந்த இடத்த நவம்பருக்கு பிளானா போட்டது முதல் தப்பு. ரெண்டாவது தப்பு, எந்த ரோட்டுல எப்ப வண்டி போகலாம்னு ஃபாரஸ்ட் சர்வீஸ் போடற மேப்ல நம்ம ரோட்டுக்கு தேதி தனியா போட்டிருந்தது, நான் மேல் வரிசை தேதிய பாத்துட்டு விட்டுட்டேன். நவம்பர் 19 மதியம் ரெண்டு வண்டி, சங்கிலி, டென்ட், விறகு அடுப்பு எல்லாத்தோடயும் போய் நிக்கறோம், 7,800 அடியில கேட்டு பூட்டிக் கிடக்கு. தலைவர் அண்ணன் இறங்கி பூட்ட ஒரு தடவ தொட்டு பாத்துட்டு, ஒன்னுமே சொல்லாம வண்டியில வந்து உக்காந்தாரு. திட்டியிருந்தா கூட பரவால்ல.

கேட்டுக்கு பக்கத்துலயே கேம்ப் போட்டோம். ராத்திரி ரெண்டு டிகிரி ஃபாரன்ஹீட். கேஸ் கேன் அடுப்பு அந்த குளிர்ல முக்கிக்கிட்டு எரியுது, ஒயிட் கேஸ் அடுப்புதான் சோறு போட்டுச்சு. தண்ணி பாட்டில தலைகீழா வைங்கன்னு சொன்னேன், ஐஸ் மேல்பக்கம்தான் கட்டும், அப்படி வச்சா மூடி பக்கம் உறையாம இருக்கும். மூணு பேர் கேட்டீங்க.

மொத ரெண்டு நாளும் வீம்புக்கு என் பழைய பிளானையே புடிச்சுக்கிட்டு, காலைல நாலு மணிக்கு ஹெட்லேம்ப் போட்டு மூடுன ரோட்டுலயே மூணு மைல் மேல ஏறி அந்த ஸ்ப்ரூஸ் காட்டுக்கு போனோம். முழங்கால் பனி. ஒரு தடம் கூட இல்ல. செப்டம்பர்ல எல்க் மேட்டிங் முடிஞ்சு, அக்டோபர் போய், பனி ஒன்றரை அடி தாண்ட ஆரம்பிச்சா பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமா கீழ இறங்கிடும், சேஜ் புதரும் ஓக் புதரும் இருக்கற, காத்து பனிய ஊதி புல்ல காட்டற தெக்க பாத்த சரிவுக்கு. மேல தங்கறது சண்டை போட்டு இளைச்சுப் போன பெரிய ஆணுங்கதான், யாரும் போக முடியாத செங்குத்து காட்டுக்குள்ள தனியாவோ ரெண்டு மூணாவோ ஒளிஞ்சு கிடக்கும். நம்ம கையில இருந்தது கவ் டேக். அப்ப நான் ஏன் மேல போனேன்னு கேக்காதீங்க, கூட்டத்துலயும் கேட்டாச்சு.

மூணாவது நாள், வெள்ளிக்கிழம, கோயம்புத்தூர் மச்சானுக்கு குதிகால்ல கொப்புளம் உடைஞ்சு ஒன்றரை மைல்லயே உக்காந்துட்டாரு. சரி வெளிச்சம் வரட்டும்னு எல்லாரும் உக்காந்தோம். ஆறரைக்கு மேல எதிர் சரிவு மெல்ல தெரிய ஆரம்பிக்குது, பைனாகுலர்ல பாத்தா பழுப்பு கல்லுங்க மாதிரி, அதுல ஒரு கல்லு காத ஆட்டுது. எண்ணுனோம், முப்பத்தெட்டு. ரெண்டு நாளா இருட்டுல அதுங்களுக்கு எதிர்லயேதான் நடந்து போயிருக்கோம்.

உடனே ஓட முடியாது. காலைல குளிர்ந்த காத்து மலையிலருந்து கீழ இறங்கும், வெயில் ஏறுனா மேல திரும்பும், அது திரும்பறதுக்குள்ள அதுங்க இருக்கற மட்டத்துக்கு மேல போயிட்டா நம்ம வாசனையே காட்டிக் குடுத்துடும். அதனால பள்ளத்துல இறங்கி பக்கவாட்டுல போனோம். கூட்டத்துக்கு இன்னொரு பக்கம் நானூறு யார்டுல தனியார் ராஞ்ச் நிலம், வேலியும் இல்ல போர்டும் இல்ல, இந்த ஸ்டேட்ல அதெல்லாம் இல்லன்னாலும் அனுமதி இல்லாம உள்ள போய் வேட்டையாடுனா குத்தம்தான், போன்ல மேப்ப திறந்து வச்சுக்கிட்டே நடந்தோம். அக்கா 220 யார்டுல படுத்து, பேக் மேல ரைஃபிள வச்சு, ஒரே குண்டு. மணி 9:40. பெட்டை இருபது அடி நடந்து உக்காந்துச்சு. மத்ததெல்லாம் நேரா ராஞ்சுக்குள்ள போய் வைக்கோல் போர் பக்கத்துல நின்னு நம்மள பாத்துக்கிட்டே அசை போடுது. சீசன் முடியற வரைக்கும் அங்கயேதான் நின்னுச்சு, மத்த மூணு டேக்கும் சும்மாவே வீட்டுக்கு வந்துச்சு.

குளிர்தானே மெதுவா உரிக்கலாம்னு நெனச்சோம், அது தப்புன்னு கைய வச்சதும் தெரிஞ்சது. எல்க் தோலும் முடியும் கம்பளி மாதிரி, உள்ள சூடு அப்படியே நிக்கும், தொடை எலும்புகிட்டதான் முதல்ல கெட்டுப் போகும். டேக்ல தேதி போட்டு கையெழுத்து போட்டதும் உடனே தோல எடுத்தோம். நாலு காலும் தனியா, முதுகுச் சதையும் உள்சதையும் ஒரு பை, கழுத்தும் மத்த கறியும் ஒரு பை. பெட்டைங்கறதுக்கு அடையாளம் ஒரு பின்தொடையோட ஒட்டியே இருக்கணும், மச்சான் அத வெட்டி எறியப் போனாரு, அக்கா கைய புடிச்சாங்க. பின்தொடை ஒன்னு 50 பவுண்டுக்கு மேல. ரோடு வரைக்கும் ஒரு மைல் முதுகுல, ரெண்டு நடை, அப்புறம் ஒன்றரை மைல் ரோட்டுல குழந்தைங்க சறுக்குற பிளாஸ்டிக் ஸ்லெட்டுல கயிறு கட்டி இழுத்தோம். எட்டு டாலர் ஸ்லெட். எண்ணூறு டாலர் பேக் வாங்குனவங்களும் அதத்தான் இழுத்தாங்க. கேட்டுக்கு வந்து சேர மணி ஆறரை, தம்பி ரசம் வச்சிருந்தார், அந்த ரசத்த பத்தி தனியா ஒரு அறிக்கையே எழுதலாம்.

எல்க் தலைய ஸ்டேட்டோட வனவிலங்கு துறையான கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்டுலைஃப்ல டெஸ்ட்டுக்கு குடுத்தோம். மான்களுக்கு வர்ற சிடபிள்யூடி நோய், 1967ல இதே ஸ்டேட்டுல ஃபோர்ட் காலின்ஸ்லதான் முதல்ல கண்ணுல பட்டது, சமைச்சாலும் அது போகாது. ரிசல்ட் நெகட்டிவ்னு வந்தப்புறம்தான் பங்கு பிரிச்சோம். எலும்பு நீக்கி 140 பவுண்டு, வீட்டுக்கு 15, மிச்சம் 5 பவுண்டு பொங்கல் கூட்டத்துல சுக்கா ஆச்சு. கொழுப்பே இல்லாத கறி, விசில் கூட வச்சா மரக்கட்டை, உப்புக்கண்டம் போட்டா சொர்க்கம்.

கணக்கு: சந்தா 540 டாலர், அடுப்புக் குழாய், கார்பன் மோனாக்சைடு அலாரம், கறி போடற கேம் பை எல்லாம் சேத்து செலவு 512, கையிருப்பு 28. அலாரம் எதுக்குன்னு கேட்டவருக்கு, டென்ட்டுக்குள்ள புரொப்பேன் ஹீட்டர போட்டு தூங்கப் போனது நீங்கதான்.

2025க்கு விண்ணப்பம் ஏப்ரல் 1 ராத்திரி எட்டு மணிக்குள்ள, சீசன் நவம்பர் 19லருந்து 23. விண்ணப்பத்துக்கு முன்னாடி வாங்க வேண்டிய குவாலிஃபையிங் லைசென்ஸ் இல்லாம சிஸ்டம் உள்ளயே விடாது, கடைசி ராத்திரி எனக்கு போன் பண்ணாதீங்க. இந்த தடவ பிளான் கேட்டுலருந்து ஆரம்பிக்குது, வண்டி நிக்கற இடத்துலருந்து ரெண்டு மைலுக்குள்ள இருக்கற தெக்கு சரிவுகள மட்டும் குறிச்சிருக்கேன், ஏழு இடம் இருக்கு. அதுல ராஞ்ச் பக்கத்துல இல்லாதது ரெண்டுதான், அந்த ரெண்டையும் அக்டோபர் கடைசியில போய் பாக்க ஆள் வேணும். மதியம் ரெண்டு மணிக்கு மேல ரோட்டுலருந்து ஒரு மைலுக்கு அந்தப்பக்கம் சுடறதில்லன்னு தலைவர் கொண்டு வந்த தீர்மானம் ஏகமனதா நிறைவேறுச்சு.

ஸ்லெட்டு யார் வீட்ல இருக்குன்னு தெரியல, பசங்க எடுத்து விளையாடிக்கிட்டு இருந்தா பரவால்ல, அக்டோபருக்குள்ள குடுத்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்