டெக்சஸ் போறதப் பத்தி அப்பா எழுதறது

அம்மணி,

கலிஃபோர்னியாவுலயே இருக்கறதா, டெக்சஸ் போறதான்னு கணக்குப் போட்டு நீ அனுப்புன எக்ஸெல் ஷீட்ட முழுசா பாத்துட்டேன். போன்லயே பேசிட வேண்டியதுதானேன்னு உங்கம்மா கேட்டா, போன்ல பேசினா குட்டி அழுவான், மாப்பிள்ளைக்கு மீட்டிங் வந்துடும், நீ பாதியில "சரிப்பா சரிப்பா"ன்னு வெச்சுடுவ, அதனாலதான் எழுதறேன். கொஞ்சம் வாய்ஸ் டைப்பிங், கொஞ்சம் கையில டைப் பண்ணது, எழுத்து அங்கங்க தப்பா இருந்தா கண்டுக்காத.

ஷீட்ல கடைசி வரியில "ஃப்ரீமாண்ட் வீடு, பிற்காலத்துல"ன்னு, எங்க வீடு எங்களுக்கப்புறம் உனக்கு வரும்னு போட்டு கலிஃபோர்னியா பக்கம் ஒரு பெரிய ப்ளஸ் போட்டிருக்க பாரு, அத மொதல்ல டெலீட் பண்ணு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். எங்க வீட்டுக்காக நீ இந்த ஊர்ல வாடகை கட்டிட்டு உக்காந்திருக்கறது எனக்குப் பிடிக்கல, அது மட்டும் இல்ல, கணக்கும் நீ நெனைக்கிற மாதிரி இல்ல.

இந்த வீட்டை 1998ல 3,20,000 டாலருக்கு வாங்கினோம். 1978ல மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த ப்ராப் 13 சட்டப்படி வாங்குன விலையில ஒரு சதவீதம் வரி, மேல ஊர்க் கடன அடைக்கற லோக்கல் பாண்டு அது இதுன்னு கொஞ்சம் சேரும், அந்த மதிப்பு வருஷத்துக்கு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது, மார்க்கெட் எவ்வளவு ஏறினாலும் சரி. அதனால நாங்க இன்னைக்கும் வருஷத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு பக்கம்தான் கட்டறோம். பக்கத்து வீட்டுக்கு புதுசா வந்தாங்களே அந்த சின்ன வயசு ஜோடி, அவங்க பத்தொம்பது லட்சம் டாலர் குடுத்து வாங்கினாங்க, வருஷத்துக்கு இருபத்திரண்டாயிரத்துக்கு மேல கட்டறாங்க. அதே ஃப்ளோர் ப்ளான், அதே குப்பை லாரி, அதே ஸ்கூல். அந்தப் பையன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஹலோ அங்கிள்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். முன்னாடி வந்தவனுக்கு சலுகை, பின்னாடி வந்தவன் தலையில பில்லு, அதுதான் இந்த ஸ்டேட்டோட ஏற்பாடு. நீயும் மாப்பிள்ளையும் பின்னாடி வந்தவங்க பட்டியல்ல இருக்கீங்க, இங்கயே பொறந்து வளந்திருந்தாலும்.

"அந்த குறைஞ்ச வரி எங்களுக்கு வருமில்லப்பா"ன்னு கேப்ப. முன்னாடி வந்துட்டு இருந்துச்சு, பிள்ளைங்க அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வேற ஊர்ல உக்காந்துகிட்டு பழைய வரியே கட்டலாம். 2020 நவம்பர்ல ப்ராப் 19 பாஸ் ஆச்சு, 2021 பிப்ரவரி 16லேர்ந்து கதை மாறிடுச்சு. இப்ப நீ ஒரு வருஷத்துக்குள்ள அந்த வீட்ல குடி வரணும், அதுதான் உன் சொந்த வீடுன்னு இருக்கணும், அப்பதான் பழைய மதிப்பு தொடரும். அப்படியே வந்தாலும் பழைய மதிப்புக்கு மேல கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் வரைக்கும்தான் விட்டுக்குடுப்பாங்க, அதுக்கு மேல இருக்கறது வரிக்கணக்குல சேந்துடும். அப்ப என்ன அர்த்தம், நாங்க போய்ச் சேர்ற வருஷம் நீ எங்க இருக்கணும்னு இப்பவே முடிவு பண்ணி வெக்கணும். உனக்கு அப்ப அம்பதும் ஆகியிருக்கலாம், அறுபதும் ஆகியிருக்கலாம், உங்க தாத்தா தொண்ணூத்தி ஒண்ணு வரைக்கும் இருந்தாரு, நானும் அந்த ரத்தம்தான், என்ன நம்பி ப்ளான் போடாத.

சரி நீங்களும் வித்துட்டு எங்ககூட வந்துடுங்கன்னு போன வாரம் சொன்ன. உங்கம்மா அன்னைக்கு ராத்திரி பூரா அதையே பேசிட்டு இருந்தா, மனசு இருக்கு அவளுக்கு. ஆனா வித்தா லாபம் பதினஞ்சு லட்சத்துக்கு மேல நிக்குது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேத்து ஃபெடரல்ல அஞ்சு லட்சம்தான் வரியில்லாம விடுவாங்க, மிச்சத்துக்கு ஃபெடரல், கலிஃபோர்னியா ரெண்டும் சேத்து மூணு லட்சம் டாலருக்கு மேல போயிடும். அதுவே எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா, இது கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி ஸ்டேட், அதாவது கல்யாணத்துக்கப்புறம் சேத்த சொத்து ரெண்டு பேருக்கும் பொதுங்கறதால, லாபக் கணக்குக்கு எடுத்துக்கற முழு வீட்டோட அடக்க விலையும் அன்னைய மார்க்கெட் விலைக்கு ஏறிடும், அதுக்கப்புறம் வித்தா வரி அநேகமா பூஜ்யம். இத நான் சாப்பிடறப்ப உங்கம்மாகிட்ட சொன்னேன், தட்ட எடுத்துட்டுப் போயிட்டா. ஐம்பத்தஞ்சு வயசு தாண்டினவங்க பழைய வரி மதிப்ப வேற வீட்டுக்கு தூக்கிட்டுப் போகலாம்னும் ப்ராப் 19ல இருக்கு, மூணு தடவை வரைக்கும், ஆனா ஸ்டேட்டுக்குள்ள மட்டும். இங்க சாக்ரமெண்டோ பக்கம் ஃபோல்சம் போகலாம், டெக்சஸ்ல டல்லஸ் பக்கம் இருக்கற ஃப்ரிஸ்கோ போக முடியாது. அதனால நாங்க வருஷத்துல ரெண்டு மூணு மாசம் வந்து இருப்போம், குளிர் காலத்துலதான் வருவோம், அதுக்கு மேல எங்கள எதிர்பாத்து டேகேர் கணக்க குறைச்சுப் போடாத. நீ குறைச்சுத்தான் போட்டிருக்க, பாத்தேன்.

இப்ப டெக்சஸ் பக்கம் வருவோம். ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது, அது உண்மை, 2019ல ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்துலயே தடை போட்டுட்டாங்க. உங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு இங்க மேல் தட்டுல 9.3 சதவீதம் போகுது, அது மிச்சம்னு நீ போட்டது சரி. ஆனா மாப்பிள்ளைக்கு ஊர் மாறினா சம்பளத்த குறைப்பாங்கன்னு சொன்னீங்களே, அது ஷீட்ல எங்க? அப்புறம் ஆர்எஸ்யூ, அதான் கம்பெனி சம்பளத்தோட குடுக்கற ஷேர். தர்றேன்னு சொல்லி க்ராண்ட் குடுத்த நாள்லேர்ந்து அது கைக்கு வந்து வெஸ்ட் ஆகற நாள் வரைக்கும் எவ்வளவு நாள் கலிஃபோர்னியால வேலை பாத்தாரோ அந்தப் பங்குக்கு கலிஃபோர்னியா வரி கேக்கும், நீங்க டெக்சஸ்ல டிரைவிங் லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறமும் கேக்கும். ரெண்டு மூணு வருஷத்துக்கு இங்க வெளியூர்க்காரங்க போடற நான்ரெசிடென்ட் வரி ரிட்டர்ன் போட்டுட்டே இருக்கணும். நீ மொத வருஷமே வரி பூஜ்யம்னு போட்டிருக்க, அது இல்ல.

வீட்டு வரி அங்க வேற மாதிரி. ஊரப் பொறுத்து 1.7லேர்ந்து 2.5 சதவீதம் வரைக்கும் போகும், புதுசா வயக்காட்டுல கட்டுற லேஅவுட்ல தண்ணி, ரோடு போட்ட கடன மட் டாக்ஸ், பிட் கட்டணம்னு தனியா வசூல் பண்ணுவாங்க, அதனாலதான் டல்லஸுக்கு வடக்க செலினா பக்கம் வீடு விலை குறைவாத் தெரியுது. நாமளே குடியிருக்கற வீடுன்னு ஹோம்ஸ்டெட் போட்டா ஸ்கூல் வரிக்கு மதிப்புல 1,40,000 டாலர் கழிச்சுடுவாங்க, 2025 நவம்பர்ல ஓட்டெடுத்து ஏத்தினாங்க, நல்ல விஷயம். ஆனா மதிப்ப வருஷா வருஷம் புதுசாப் போடுவாங்க, ஹோம்ஸ்டெட் வீட்டுக்கே பத்து சதவீதம் வரைக்கும் ஏத்தலாம், இங்க ரெண்டு. மே மாசம் வந்தா தெருவே இந்த மதிப்ப குறைக்கச் சொல்லி ப்ரொடெஸ்ட் பண்ணக் கெளம்பும், எதுத்து வழக்காட தனியா கம்பெனி இருக்கு, பாதி குறைச்சுக் குடுத்தா அதுல ஒரு பங்கு அவனுக்கு. 6,50,000 டாலர் வீட்டுக்கு பத்தாயிரம் பன்னண்டாயிரம்னு வரி போட்டுக்க, நீ ஆறாயிரம்னு போட்டிருக்க, எங்க பில்லப் பாத்து போட்ட போல.

இன்சூரன்ஸ் அடுத்தது. அங்க ஆலங்கட்டி மழை சும்மா விளையாட்டு இல்ல, கூரையே மாத்தணும், ப்ளேனோல என்கூட வேலை பாத்தவர் வீட்ல ரெண்டாவது தடவையா கூரை மாத்திட்டாங்க. பாலிசியில காத்து ஆலங்கட்டிக்குன்னு தனி டிடக்டிபிள் இருக்கும், வீட்டு மதிப்புல ஒண்ணு ரெண்டு சதவீதம், அதாவது மொத பத்தாயிரம் உன் கையிலேர்ந்து. இங்கயும் காட்டுத்தீயால இன்சூரன்ஸ்காரங்க புது பாலிசி குடுக்கவே பின்வாங்கறாங்க, அதுக்காக இது பெரிய சொர்க்கம்னு சொல்ல வரல. அப்புறம் அந்த மண்ணு. டல்லஸ் சுத்தி களிமண், மழைக்கு உப்பும், வெயிலுக்கு சுருங்கி வெடிக்கும், நம்ம கோயம்புத்தூர் கரிசல் காட்டுல சித்திரை மாசம் வெடிப்பு விடுமே அதே கதைதான். ஆகஸ்ட்ல அஸ்திவாரத்த சுத்தி ஹோஸ் போட்டு தண்ணி விடுவாங்க, செடிக்கு இல்ல, வீட்டுக்கு! பழைய வீடு வாங்கினா அஸ்திவாரத்துக்குன்னு தனி இன்ஜினியர கூட்டிட்டுப் போய் பாருங்க.

டோல் மறக்காத, வடக்கு டல்லஸ்ல எங்க திரும்பினாலும் டோல் ரோடு. ரெண்டு கார் கண்டிப்பா வேணும். ஏசி பில்லும் சேரும், யூனிட் விலை இங்க கட்டறதுல பாதி கூட இருக்காது, ஆனா மே மாசம் ஆன் பண்ணா அக்டோபர்லதான் ஆஃப் பண்ணுவ. 2021 பிப்ரவரி புயல்ல கரண்ட் போய் இருநூறு பேருக்கு மேல செத்தாங்க, அவங்க கிரிட் எர்காட்னு தனியா நிக்குது, பக்கத்து ஸ்டேட்லேர்ந்து பெரிசா இழுக்க முடியல. அதுக்கப்புறம் நெறைய சரி பண்ணிருக்காங்க, நெறைய பேட்டரி, சோலார் எல்லாம் வந்திருக்கு. வீட்ல ஒரு கேஸ் அடுப்பு இருக்கற மாதிரி பாத்துக்கங்க.

இன்னொண்ணு, அப்பாவா இருந்துகிட்டு எழுதக் கஷ்டமா இருக்கு, உங்கம்மா நீங்களே எழுதுங்கன்னுட்டா. ரெண்டாவது குழந்தை பத்தி யோசிக்கிறீங்கன்னு தெரியும். 2022லேர்ந்து டெக்சஸ்ல கருக்கலைப்பு கிட்டத்தட்ட முழுசா தடை, தாய் உயிருக்கு ஆபத்து, இல்ல உடம்புல முக்கியமான ஒரு செயல்பாடு பெரிசா கெட்டுடும்னா மட்டும் விதிவிலக்கு, அந்த விதிவிலக்க டாக்டருங்க எப்ப எப்படி எடுத்துக்கறாங்கங்கறதுலதான் பிரச்சனை, கரு தங்காம சிக்கலான பொம்பளைங்க ஆஸ்பத்திரியில காத்திருக்க வேண்டி வந்த செய்தியெல்லாம் நீயும் படிச்சிருப்ப. குட்டி பொறந்தப்ப நீ எவ்வளவு கஷ்டப்பட்டன்னு நாங்க பாத்தோம். இது எக்ஸெல்ல வராது. நீயும் மாப்பிள்ளையும் தனியா உக்காந்து, இங்க உன் டாக்டர்கிட்டயும் வெளிப்படையா கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, குழந்தை இங்கயே பெத்துட்டுப் போறதும் ஒரு வழி. இங்க சம்பளத்துல ஒரு பங்க குடுத்து குடும்ப லீவு எட்டு வாரம் ஸ்டேட்டே குடுக்குது, அங்க அப்படி ஒண்ணு கிடையாது, கம்பெனி மனசு வெச்சாத்தான்.

கோயில், தமிழ் ஸ்கூல் பத்தி உங்கம்மா கேக்கச் சொன்னா, அதுல ஒண்ணும் கவலை இல்ல, ஃப்ரிஸ்கோல ஹனுமான் கோயில் இருக்கு, ப்ளேனோல தமிழ் சத்தம் சன்னிவேல விட குறைவா இருக்காது.

இவ்வளவும் எழுதிட்டு போகாதன்னு சொல்லப் போறேன்னு நெனைச்சிருப்ப. போங்க. வாடகையும் டேகேரும் சேத்து மாசம் ஏழாயிரம் பக்கம் போறப்ப நீங்க ரெண்டு பேரும் சம்பாதிச்சு எனக்கு ஒண்ணும் மிச்சம் தெரியல, குட்டி ஓடி விளையாட ஒரு பின்கட்டு கூட இல்ல. நான் திருத்தின கணக்குப்படி வருஷத்துக்கு நீ போட்ட அறுபதாயிரம் மிச்சம் வராது, முப்பது பக்கம் வரும். அந்த முப்பதுக்காகப் போறது சரிதான், அறுபதுன்னு நெனைச்சுப் போயி அங்க ஏமாந்து உக்காரக் கூடாது, அவ்வளவுதான். ஃபோல்சம், ரோஸ்வில் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு வாங்கன்னு மட்டும் சொல்வேன், வீடு அங்கயும் இங்க இருக்கறதுல பாதி விலைக்கு மேல போகாது, ஆனா மாப்பிள்ளை வாரம் மூணு நாள் ஆபீஸ் போகணும்னா அந்த ஹைவே எய்ட்டி ரோட்டு ட்ராஃபிக்ல உயிர் போயிடும், அது எனக்கும் தெரியுது.

போனா ஒரு வருஷம் வாடகைக்கு இருங்க. வீடு வாங்காதீங்க. பில்டர் வட்டிய குறைச்சுத் தர்றேன், கிச்சன ஃப்ரீயா அப்கிரேட் பண்ணித் தர்றேன், இந்த வாரக் கடைசியோட ஆஃபர் முடியுதும்பான், அடுத்த வாரமும் அதையேதான் சொல்வான். ஒரு ஆகஸ்டும் ஒரு ஜனவரியும் அங்க இருந்து பாத்துட்டு வாங்குங்க. இப்ப இங்க உங்களுக்கு சொந்த வீடு இல்லாததே ஒரு வசதி, பிடிக்கலன்னா திரும்பி வந்து மறுபடி வாடகைக்கு இருக்கலாம், எங்கள மாதிரி ஒரு பழைய வரிய கட்டிப் பிடிச்சுட்டு நகர முடியாம இருக்க வேண்டியதில்ல. அங்க வீடு வாங்கிட்டீங்கன்னா அப்புறம் திரும்பறது கஷ்டம், இங்க விலை நின்னுகிட்டு இருக்காது.

மாப்பிள்ளைகிட்ட ஆர்எஸ்யூ லிஸ்ட் கேட்டு அனுப்பு, க்ராண்ட் தேதி, வெஸ்ட் தேதி ரெண்டும் வேணும். சம்பளம் எவ்வளவு குறைப்பாங்கன்னு வாய்ல சொன்னது போதாது, எழுத்துல வாங்கச் சொல்லு. வியாழக்கிழமை உங்கம்மா குட்டியப் பாக்க வர்றா, நானும் கூட வர்றேன், ஷீட்ட உக்காந்து மறுபடி போட்டுரலாம்.

அப்பா