நாலரை மணிக்குக் கட்டிலை நிமிர்த்திய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

அம்மாவின் அடக்கம் முடிந்து, வந்த உறவெல்லாம் ஊர் திரும்பிவிட்டது. பந்தல்காரரும் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், தினமும் போன் செய்து கேட்டவர்கள் நீங்கள்தானே. அதனால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. நன்றியை மட்டும் இந்தச் சூட்டோடு சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

ரத்தம் வேண்டும் என்றதும் வகுப்பை விட்டுவிட்டு பைக்கில் வந்து நின்ற பிள்ளைகள், முன்பணம் கட்டப் புரட்டித் தந்துவிட்டு இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்காத மாமா, ஐ.சி.யூ. வாசலில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த சித்தப்பா, தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்துவிட்ட மேலப்பாளையத்து நண்பனின் உம்மா, நேரங்காலம் பார்க்காமல் வந்து ஜெபித்த எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள், உபதேசியார், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார், என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், டாக்டர்கள், நர்ஸ்மார். பெயர் சொல்லத் தொடங்கினால் யாராவது விட்டுப்போகும். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுத உட்கார்ந்தேன். அந்த வார்டில் இரவு வேலை பார்க்கும் ஆயா அக்கா. "என் பேரைப் போட்டுராதீக தம்பி" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை.

அம்மா மெஞ்ஞானபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 192 அடி உயரக் கோபுரம் உள்ள தூய பவுலின் ஆலயத்து மணிக்குக் கண்விழித்துப் பழகியவர்கள். பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகும், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாலரைக்கு எழுந்து, முகம் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பைபிளை மடியில் வைத்துப் பேச ஆரம்பிப்பார்கள். "அப்புறம் ஆண்டவரே, நேத்துச் சொன்னேன்லா, அந்தப் பிள்ளைக்கு வேலை கெடைச்சுட்டு" என்று முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தங்கையின் பிரசவம், அடுத்த வீட்டுக் கல்யாணம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாம் இழந்த ஏரல் பக்கத்து ஜனங்கள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருவதைக் கேட்கிற இருப்பு அது.

ஆஸ்பத்திரியிலும் முதலில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தொண்டையில் குழாய் வைத்தார்கள், பேச்சு நின்றது. உதடு மட்டும் அசைந்தது. சில நாளில் அதுவும் நின்றது. நான் கையைப் பிடித்தாலும் யாரென்று தெரியாத நிலை.

ஒருநாள் விடியுமுன், மருந்துச் சீட்டு வாங்கிப் போக உள்ளே கூப்பிட்டார்கள். போனால், அந்த அக்கா கட்டிலின் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. அந்தக் கைப்பிடி லேசில் சுற்றாது, கிரீச் கிரீச்சென்று இரண்டு சுற்று, நிறுத்தி அம்மாவின் தலை சாய்கிறதா என்று ஒரு பார்வை, மறுபடி இரண்டு சுற்று. தலைமாடு நிமிர்ந்ததும் ஒரு துணியைச் சுருட்டிக் கழுத்தோரம் செருகினார். பக்கத்துப் பெட்டியிலிருந்து அம்மாவின் கண்ணாடியை எடுத்து, வாயால் ஊதி, முந்தானையில் துடைத்து, மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி இழுபடாமல் மெல்ல மாட்டிவிட்டார்.

"என்னக்கா பண்ணுதீங்க?" என்று கேட்டேன்.

"அந்நேரம் டீச்சரம்மா பேசுவாகல்லா தம்பி. படுத்தமானைக்கே எப்படிப் பேசுவாக? அதான் நிமித்தி வைக்கேன். கண்ணாடி இல்லாம ஆரம்பிக்க மாட்டாகளே."

"அம்மா கண்ணே திறக்கலியேக்கா."

"கண்ண மூடித்தான நீங்கள்லாம் சாமி கும்பிடுவீக?"

யாரும் அவரிடம் சொல்லவில்லை. எந்தச் சீட்டிலும் அது எழுதியிருக்காது. அம்மாவுக்குக் குரல் இருந்த நாட்களில் கவனித்து வைத்திருக்கிறார், குரல் போன பிறகும் தன் டியூட்டி நாளெல்லாம் அதை விடாமல் செய்திருக்கிறார். எனக்கு அங்கே நின்று பேச முடியவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பலர் "அம்மா நித்திய ஜீவனுக்குள்ள போயிட்டாக" என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். அன்பாகச் சொன்னது, எனக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் அம்மா அதற்குள் போய் வெகுகாலம் ஆயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது. சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவர் பிதாவோடு பேசுகிறார்: "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்." யோவான் 17:3. வருஷக் கணக்கு எதுவும் அதில் இல்லை. ஐந்தாம் அதிகாரத்திலும் விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் "உண்டு" என்கிறார், அவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்கிறார். பெத்தானியாவில் மார்த்தாள் கடைசிநாளின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது, அவள் முன்னே நிற்கிற தம்மிடமே அவளைத் திருப்புகிறார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." அந்தக் கடைசிநாளை நான் தள்ளிவிடவில்லை. சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அதை ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும், அன்று வரப்போகிற ஜீவன் அம்மாவுக்குப் புதியதாக இருக்காது. தினமும் நாலரை மணிக்கு நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே தூங்கிய சத்தம் அதுதான்.

அந்த வார்டில் என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆண்டவரை அறிவதே நித்தியஜீவன் என்றால், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத நிலையில் கிடக்கிற ஒருவருக்கு என்ன மிச்சம்? இதை ஐயரவர்களிடம்கூடக் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. கட்டிலின் கைப்பிடியைச் சுற்றிய அந்த அக்காவிடம் எனக்குப் பதில் கிடைத்தது. அம்மாவால் பேச முடியுமா என்று அவர் யோசிக்கவில்லை. அம்மாவோடு பேசுகிறவர் வழக்கமான நேரத்துக்கு வந்துவிடுவார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அப்புறம்தான் யோவான் பத்தாம் அதிகாரம் எனக்குத் திறந்தது. நல்ல மேய்ப்பன் தம் ஆடுகளை அறிந்திருக்கிறார், ஆடுகளும் அவரை அறிந்திருக்கின்றன. முதலில் வருவது அவர் அறிந்திருப்பது. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போதும் தேவனை அறிந்தீர்கள் என்று சொன்ன வேகத்திலேயே, தேவனால் அறியப்பட்டீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். அம்மாவின் பிடி தளர்ந்தபோது ஆண்டவருடைய பிடி தளரவில்லை. மரணமானாலும் ஜீவனானாலும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாது என்ற ரோமர் எட்டாம் அதிகாரத்தை எத்தனையோ அடக்க ஆராதனைகளில் கேட்டிருக்கிறேன். இந்த முறை அது என் வீட்டுக்காக எழுதியதுபோல் இருந்தது.

அம்மாவின் கல்லறைக் கல்லில் என்ன வசனம் வெட்டுவது என்று கேட்டார்கள். யோவான் 17:3 என்று சொல்லிவிட்டேன். தங்கைக்கும் அதுதான் விருப்பம்.

இன்னொன்று. அந்த வார்டில் கைப்பிடி சிக்கிக்கொண்டு சுற்ற முடியாத கட்டில்கள் சில இருக்கின்றன. அம்மாவின் நினைவு நாளுக்கு விருந்து வைக்க எடுத்து வைத்திருந்த பணத்தில் அவற்றைச் சரிபார்த்துத் தர அனுமதி கேட்டோம், கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டு மெக்கானிக் தம்பி கூலி வேண்டாம் என்கிறார், அவருக்கும் இங்கேயே நன்றி. நானும் ஆண்டவர் முன்னால் ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். கூட இருக்க ஆளில்லாமல் அங்கே கிடக்கிறவர்களிடம் வாரம் ஒருமுறையாவது போய் உட்காருவேன். அவர்களுக்கு எந்த நேரம் எது வழக்கம் என்று முதலில் கேட்பேன். கிறிஸ்தவர்களா இல்லையா என்று பார்க்க மாட்டேன், அக்கா பார்க்கவில்லையே.

அக்கா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். நீங்கள் செய்தது ஆயா வேலையில் சேர்ந்தது என்று சொன்னீர்கள். எங்கள் அம்மாவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே காரியத்தை நீங்கள் காத்துக் கொடுத்தீர்கள். நன்றிக்கா. நைட் டூட்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்று மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.