நம் ஊர் ஜாஸ் குழுக்களின் ஒலிப்பதிவுகளுக்கு இடம் வேண்டி: கோவை வானொலி நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோவை வானொலி நிலைய நிகழ்ச்சிப் பிரிவினருக்கு,

வணக்கம்.

தென்னிந்தியாவில், குறிப்பாகக் கொங்கு நாட்டில், ஜாஸ் என்னும் அமெரிக்க இசையை வாசிக்கும் சிறு குழுக்களின் புதிய ஒலிப்பதிவுகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்றும், நம் பகுதிக் குழுக்களை நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற்கே அழைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நான் கோவையில் கித்தார் கற்பிப்பவன். நான் யாருக்காகப் பேசுகிறேனோ அவர்களில் சிலர் என்னிடம் பயின்றவர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவர்கள் ஞாயிறு காலையில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர்கள். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்வருபவர்கள். பேண்டு வாத்தியக் குழுவில் சாக்சபோன் பழகி, பிறகு தாமாகவே ஜாஸைத் தேடிக் கேட்டவர்கள். பிழைப்புக்கான வாசிப்பு முடிந்தபின் மூவரோ நால்வரோ கூடித் தங்களுக்கான இசையை வாசிக்கிறார்கள். ஒரு மடிக்கணினியும் இரண்டு மைக்குகளும் இருந்தால் அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றியும் விடுகிறார்கள். எங்கோ தொலைவில் இருக்கும் சிலர் அதைக் கேட்டுப் பாராட்ட, அடுத்த தெருவில் இருப்பவருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியாமல் போகிறது.

ஜாஸுக்கென்று தனி அரங்கு நம் ஊர்களில் நிலைகொள்ளவில்லை. ஆகவே ஒலிப்பதிவுதான் இவர்களுக்கு மேடை. இது குறையாக எண்ணத்தக்கதன்று. இந்த இசை உலகெங்கும் பரவியதும் ஒலிப்பதிவால்தான். 1917-இல் நியூயார்க்கில் ஐந்து பேர் கொண்ட குழு வாசித்து வெளிவந்த இசைத்தட்டையே முதல் ஜாஸ் பதிவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1925-இல் சிகாகோவில் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அமைத்த ஐவர் குழு பெரும்பாலும் ஒலிப்பதிவுக்காகவே கூடிய குழு. மேடையில் அது வாசித்தது மிக அரிது. அந்தப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் உலகெங்கும் உள்ள கலைஞர்கள் தனி வாசிப்பு என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் செய்யும் பதிவுக்கு இயலாத ஒன்று உண்டு. ஜாஸில் டிரம்ஸ் வாசிப்பவர் பாஸ் கித்தாரைக் கேட்டுத் தம் அடியை மாற்றுவார். அதைக் கேட்டுப் பியானோ வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தாமதப்படுத்துவார். சாக்சபோன்காரர் எடுத்த இசைத்தொடரை அந்தத் தாமதமே வேறு பக்கம் திருப்பிவிடும். இவையெல்லாம் ஒரே கணத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நடக்க வேண்டியவை. திரையிசையில் வழக்கமாகிவிட்டபடி ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் வந்து, காதுக்குள் ஒலிக்கும் தாளக் கணக்கை வைத்து வாசித்துப் பின்னர் ஒட்டினால், சுரங்கள் எல்லாம் சரியாக இருக்கும், உரையாடல் இருக்காது. நால்வரும் ஒன்றாக வாசிக்கும் அளவுக்கு இடமும் அமைதியும் உள்ள அறை எத்தனை பேர் வீட்டில் உண்டு? சோமனூர், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் விசைத்தறி ஓசை அடங்கும் நேரம் பார்த்துத்தான் மைக்கைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஒலி புகாத கூடமும், பல வாத்தியங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்து பழகிய பொறியாளர்களும் வானொலியிடம் இருக்கிறார்கள். இந்த இசைக்கு வேண்டியது அதுவே.

இது அயல்நாட்டு இசை, நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். 1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு சென்னைக்கு வந்தபோது, அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். கத்ரி கோபால்நாத் கர்நாடக இசையைச் சாக்சபோனில் நிலைநிறுத்தியதோடு, அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் இணைந்து 2008-இல் ஓர் இசைத்தட்டும் தந்தார். கடக் கலைஞர் விக்கு விநாயக்ராமும் பின்னர் அவர் மகன், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் வாசித்த, இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழு 2024-இல் கிராமி விருது பெற்றது. ஆனால் பறையையோ பம்பையையோ துடும்பையோ கொண்டுவந்து சேர்த்தால்தான் நம் ஊர் ஜாஸ் என்று யாரும் நிபந்தனை விதிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோயில் நோம்பியில் துடும்பு கேட்டு வளர்ந்த கை, டிரம்ஸ் குச்சியைப் பிடித்தாலும் அதன் நடையைக் கொண்டுவந்துவிடும். அது தானாக வரட்டும்.

வானொலி இத்தகைய பொறுப்பை ஏற்பது புதிதுமன்று. ஜெர்மனியின் கொலோன், ஹாம்பர்க், பிராங்பர்ட் நகரங்களின் பொது வானொலிகள் தங்களுக்கென்றே ஜாஸ் குழுக்களை வைத்திருக்கின்றன. நம் வானொலியும் 1952-இல், ரவிசங்கரையும் டி.கே. ஜெயராம ஐயரையும் கொண்டு வாத்ய விருந்தா என்னும் தேசிய வாத்தியக் குழுவை அமைத்தது. கோவையும் ஒலிப்பதிவு அறியாத ஊரன்று. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஆகிய திரைப்பட நிலையங்கள் இயங்கிய ஊர் இது, எம்.எஸ். விசுவநாதன் இளம் வயதில் இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் தொழில் பழகிய ஊர்.

நிகழ்ச்சியை எப்படி அமைப்பது என்பது உங்களுக்கே நன்கு தெரியும். ஆயினும் சிலவற்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு பதிவை ஒலிபரப்பினால் முழுவதையும் ஒலிபரப்புங்கள். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் தாங்கியது என்பதால் அன்று அந்த அளவுக்குள் வாசித்தார்கள். இன்று பதினொரு நிமிடம் வாசித்ததைப் பாதியில் மங்கவைத்து நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. குழுவின் பெயரோடு வாசித்த ஒவ்வொருவரின் பெயரையும் வாத்தியத்தையும் அறிவியுங்கள். பாஸ் கித்தார் வாசிப்பவரின் பெயரை அவருடைய பெற்றோர் வானொலியில் கேட்பது சிறிய செய்தியன்று. குரல் தேர்வு போல் ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கவைத்து மதிப்பிடாமல், குழுவைக் குழுவாகவே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் தவறவிட்டவர்கள் மீண்டும் வர வழி வையுங்கள்.

பதிவு செய்தவற்றை நாள், இடம், கலைஞர் பெயர்களோடு நிலையத்தின் ஒலிக்களஞ்சியத்தில் சேர்த்துவைக்கவும், ஒரு படியைக் குழுவினருக்குக் கொடுக்கவும் வேண்டுகிறேன். நேரம் எதுவாயினும் சரி. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குமேல் என்றால், கல்யாண வாசிப்பு முடிந்து திரும்பும் கலைஞர்களும் வழியிலேயே கேட்க இயலும். கலந்து பேச அழைத்தால், இக்குழுக்களின் பிரதிநிதிகளோடு நிலையத்திற்கு வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் நேயர்,
பீளமேடு, கோவை.