ஓரத்தை வெட்டாதே

அன்பு மகளுக்கு,

உன்னிடம் உள்ள ஓவியத்தை எடுத்து நீ அனுப்பிய நாலு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சோபாவில் சாய்ந்திருக்கும் பெண், பின்னால் நிழலாக ஓர் ஆண். 1950களில் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் வந்த காதல் கதைக்கு கௌவாஷில், அதாவது அடர்த்தியான நீர்வண்ணத்தில், வரைந்தது போலத்தான் தெரிகிறது. ஓரமெல்லாம் அழுக்கு, வெட்டிவிட்டு சூட்டில் அழுத்தி அட்டையில் ஒட்டித் தருகிறேன் என்று ஃப்ரேம் கடைக்காரர் சொன்னாராமே. இரண்டுக்கும் சம்மதிக்காதே.

அந்த அழுக்குதான் படத்தின் ஜாதகம். கீழ் விளிம்பில் இரு பக்கமும் அம்புக்குறி போட்டு நடுவில் அங்குலக் கணக்கு எழுதியிருக்கிறதே, அது அச்சுக்கு பிளாக் தயாரிப்பவருக்கு எழுதியது: அச்சில் இத்தனை அகலம் வர வேண்டும் என்று. பெரிதாக வரைந்து, சிறிதாக்கி அச்சிடுவார்கள். மூலையில் உள்ள கோடுகள் கிராப் மார்க், படம் அச்சில் எது வரை வர வேண்டும் என்பதற்கான எல்லைக் குறி. பின்பக்கத்தில் பத்திரிகையின் ரப்பர் ஸ்டாம்ப், தேதி, கதைத் தலைப்பு, ஸ்டூடியோ லேபிள் ஏதாவது இருக்கிறதா பார். கோபி விட்மோர், ஜான் விட்காம்ப் போன்ற பத்திரிகை ஓவியர்கள் வேலை பார்த்த நியூயார்க் சார்ல்ஸ் கூப்பர் ஸ்டூடியோவின் லேபிள் இருந்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே விலையை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

கையெழுத்தை மட்டும் நம்பாதே. ஆல் பார்க்கர் என்ற பத்திரிகை ஓவியர் 1954 செப்டம்பர் காஸ்மோபாலிடன் இதழில் வெவ்வேறு பாணியில், வெவ்வேறு புனைபெயரில் வரைந்திருக்கிறார்.

முதல் வேலை, இந்தப் படம் அச்சான இதழைத் தேடிப் பிடிப்பது. அந்தக் காலத்து இதழ்கள் லட்சக்கணக்கில் அச்சானவை, பெரிய விலை இருக்காது. கிடைத்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரல்கள், துணி மடிப்பு, முகம் மூன்றையும் ஒப்பிடு. அசலில் பொதுவாக நாலு பக்கமும் அச்சில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரைந்திருக்கும். அச்சில் எது வரை இருக்கிறதோ அது வரை மட்டுமே ஓவியத்திலும் இருந்தால், பத்திரிகையைப் பார்த்து யாரோ வரைந்தது என்று சந்தேகப்படு. தலைப்பு எழுத்து படத்தின் மேல் ஓடியிருந்தால் இன்னும் நல்லது. எழுத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பது நகல் எடுத்தவனுக்குத் தெரியாது.

பெரிய மியூசியமே இதில் ஏமாந்தது உண்டு. அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் 'பிரேக்கிங் ஹோம் டைஸ்' ஓவியம், சாட்டர்டே ஈவ்னிங் போஸ்டின் 1954 செப்டம்பர் 25 அட்டைப்படம். அதை வாங்கிய கார்ட்டூனிஸ்ட் டான் டிராக்டி தானே ஒரு நகல் வரைந்து, அசலை வீட்டின் போலிச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். அமெரிக்காவில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில் உள்ள ராக்வெல் மியூசியத்தில் தொங்கியது நகல். படத்தில் உள்ள பையனின் முகம் அச்சோடு ஒத்துவரவில்லை என்று சிலர் சொன்னபோது, சுத்தம் செய்ததில் கெட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லப்பட்டது. டிராக்டி இறந்த பிறகு, 2006இல்தான் மகன்கள் அசலைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஏலத்தில் 1 கோடியே 54 லட்சம் டாலருக்குப் போனது. அச்சுப் பக்கம் அன்றைக்கே சரியாகச் சாட்சி சொல்லியிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் (சிறிய பூதக்கண்ணாடி) ஒன்று வாங்கு. நாலு வண்ணப் புள்ளிகள் ஒழுங்காகப் பூப்போல அடுக்கியிருந்தால் அச்சு. தூவியது போல ஒழுங்கில்லாமல் இருந்தால் இங்க்ஜெட். தூரிகை ஒன்றின் மேல் ஒன்றாகப் போன தடம், மினுக்கம் இல்லாத பரப்பு, திருத்திய இடத்தில் கொஞ்சம் மேடான வெள்ளை இவை இருந்தால் ஓவியம்.

ஈரத்துணி மட்டும் கிட்டேயே வரக்கூடாது. கௌவாஷ் எத்தனை வருஷம் ஆனாலும் தண்ணீர் பட்டால் கரையும். ஈரப் பஞ்சில் முதலில் வருவது அழுக்கல்ல, அந்தப் பெண்ணின் கன்னம். முகத்தைச் சுற்றி மெல்லிய வெட்டுக்கோடும் பழுப்புக் கறையும் தெரிகிறதே, பத்திரிகையின் ஆர்ட் டைரக்டர் கேட்டு முகத்தை மட்டும் மறுபடி வரைந்து ரப்பர் சிமெண்டால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை பழசானால் பழுப்பாகிப் பிடிப்பு விட்டுவிடும். முகத் துண்டு கழன்று விழுந்தால் நீ ஒட்டாதே, ஓர் உறையில் போட்டுப் படத்தோடு பத்திரமாக வை.

ஃப்ரேமுக்கு ஆசிட் இல்லாத காட்டன் அட்டை மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம். மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதக் கீல் இரண்டு, கோதுமை ஸ்டார்ச் பசையில். கண்ணாடி வண்ணத்தைத் தொடவே கூடாது. வண்ணம் பொடியாக உதிர்கிறது என்றால் அக்ரிலிக் ஷீட் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். புறஊதா வடிகட்டும் கண்ணாடி போடச் சொல். ஓரம் பார்க்க நன்றாக இல்லை என்றால் மவுண்ட்டுக்கு அடியில் மறைந்து இருக்கட்டும்.

சந்தையில் பழைய இதழ்கள் கட்டாகக் கிடைக்கிறது என்றாய். வாங்கும்போது பக்கம் பக்கமாகப் புரட்டு. யாரோ கேக் மாவு கூப்பனை வெட்டியிருப்பார்கள், அதன் மறுபக்கம்தான் ராபர்ட் ஃபாசெட் போன்ற நல்ல ஓவியரின் கோட்டுச் சித்திரம் இருந்திருக்கும். முகவரிச் சீட்டை உரிக்காதே, அட்டையின் மேல்தோல் கூடவே வந்துவிடும். செல்லோடேப், லேமினேஷன் எதுவும் வேண்டாம். பாலியெஸ்டர் உறையில் போட்டுப் படுக்கையாக வை, ஹீட்டருக்குத் தள்ளி.

ஃப்ரேம் கடைக்காரரிடமிருந்து ஓவியத்தைத் திரும்ப வாங்கியதும் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டில் டார்ச் அடித்து எடு, அழிந்த பென்சில் எழுத்தும் தெரியும்.

அப்பா