மாஸ்டருக்கும் ஆயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

நான் இத்தாலிக்கு வந்து ஃபேஷன் படிக்கப் பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்காக ஓடியாடிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நான் வகுப்பு முடிந்து, சமைத்து, போனைக் கையில் எடுக்கும்போது நம் தெருவில் கடைகள் ஷட்டரை இறக்கிவிடுகின்றன. இந்த மாதக் கடைசியில் இங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டால் இடைவெளி நாலரை மணி ஆகிவிடும். அதனால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

முதலில் பெரியப்பா. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் தருவார்கள். அதற்கு மேலே போனால் பத்திரம் கேட்பார்கள். ஃபுளோரன்ஸில் ஃபேஷன் படிக்க ஏழரை லட்சம் எந்த மூலைக்கு? பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார் பெரியப்பா. "தையல் கத்துக்க இத்தாலிக்குப் போகணுமா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குப் பெரியம்மா ஒரு பதில் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. இருவருக்கும் நன்றி. சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தும் பிக்கோ அடித்தும் சேர்த்த காசை டிக்கெட்டுக்குக் கொடுத்த அம்மாவுக்குப் பொதுவில் நன்றி சொன்னால் திட்டுவார்; அது தனியாக.

அடுத்து எம்.சி. ரோடு கட்டிங் மாஸ்டர். பிளஸ் டூ லீவில் அவர் கடைக்கு முதன்முதலாகப் போனபோது என் கையில் கத்தரியையே கொடுக்கவில்லை. காடாத் துணியை முன்னால் போட்டு, "கடைக்காரன் கிழிச்சுக் குடுத்த ஓரத்த நம்பாத பாப்பா, நூல இழுத்துப் பாரு" என்றார். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை மெல்ல உருவினால், அது போன வழியில் கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால்தான் துணி நேராக நிற்கும். இல்லாவிட்டால் தைத்து முடித்த பிறகு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரம் எனக்கு இதே வேலை. காஜா எடுக்கும் தம்பிகூடச் சிரித்தான்.

இங்கே முதல் டிரேப்பிங் வகுப்பில், அதாவது பொம்மைமேல் துணியைப் போட்டு உடுப்புக்கு வடிவம் கொடுக்கும் வகுப்பில், சாயம் போடாத பருத்தித் துணியை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, நேர் நூல் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நம் காடாதான் அது. உடுப்பை நல்ல துணியில் வெட்டுவதற்கு முன்னால் இதில்தான் மாதிரி தைத்துப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்கேலைத் தேட, நான் நூலை உருவினேன். ஆசிரியை நின்று பார்த்துவிட்டு, யாரிடம் கற்றாய் என்று கேட்டார். தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். மாஸ்டர், உங்கள் கடை ஃபுளோரன்ஸில் பேசப்பட்டுவிட்டது. இங்கே எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. நீங்கள் கொடுத்த டேப்பைத் திருப்பிப் போட்டு அளக்கிறேன், மனசுக்குள் இஞ்சில்தான் ஓடுகிறது.

காசிமேட்டு ஆயா கட்டிக் கொடுத்த கருவாட்டைப் பற்றிப் பலருக்கும் கவலை, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களோ என்று. உண்மையில் ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. அத்தை கொடுத்த நெய்யையும் பால்கோவாவையும் அதனால்தான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. கருவாடு ராஜ மரியாதையோடு ரோமில் இறங்கி, ரயிலேறி, ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், பழக்கமே அப்படித்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த எனக்கு ஆயாவின் கருவாடு இல்லாவிட்டால் முதல் வாரம் ஓடியிருக்காது. அதை வறுத்த அன்று மட்டும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேஸ் கசிகிறதா என்று விசாரித்தார்.

வந்த அன்றே நான் முன்பணம் கட்டியிருந்த அறை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதை ஏற்பாடு செய்தவர்களைப் பற்றி இங்கே பேச விருப்பமில்லை. ஸ்டேஷனில் பெட்டியோடு நின்ற என்னைக் கூட்டிப்போனவர், கல்லூரிக் குழுவில் ஒரே ஒரு மெசேஜில் பழகிய சீனியர் அக்கா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு சிசிலித் தீவின் பலெர்மோவில் பிறந்தவர். "பயப்பிடாதீங்கோ, முதல்ல சாப்பிடுங்கோ" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. பலெர்மோவில் மலைமேல் குகைக்குள் இருக்கும் சாந்தா ரோசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் கோயிலுக்குச் சைவத் தமிழர்களும் நேர்ந்துகொண்டு ஏறுவார்களாம், நம் தெருவில் எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போவது மாதிரி.

அந்த அக்கா இல்லாவிட்டால் காகித வேலை என்னை விழுங்கியிருக்கும். படிக்க வரும் வெளிநாட்டவர் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உறையைத் தபால் நிலையத்தில் வாங்க வேண்டும். அதில் ஒட்டும் 16 யூரோ வரி வில்லையோ சிகரெட் கடையில் கிடைக்கும்! வெளியே 'T' என்ற எழுத்துப் பலகை தொங்கும் கடை. அப்புறம் கைரேகை வைக்கப் போலீஸ் அலுவலகம். அடுத்து நம் பேட்டையிலிருந்து யாராவது வந்தால் இந்த வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட் பீஸ் கடை அண்ணனுக்கும் ஒரு சேதி இருக்கிறது. நீங்கள் மூட்டையாகச் சும்மா கொடுத்த பிட்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத்தான் என் போர்ட்ஃபோலியோவையே செய்தேன். போன வாரம் ரயிலில் பக்கத்து ஊரான பிராட்டோவுக்குக் கூட்டிப்போனார்கள். பழைய கம்பளித் துணியைக் கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்வது அந்த ஊரின் பல தலைமுறைத் தொழில். கந்தலை முதலில் நிறம் நிறமாகப் பிரித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மறுபடி சாயம் போடும் வேலை குறையும், தண்ணீரும் மிச்சம். நீங்கள் கடை வாசலில் உட்கார்ந்து நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று குவிப்பீர்களே, அதுதான் இங்கே பாடம். அந்த மூட்டைகளைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த லீவில் வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.

சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்க என்னோடு அலைந்த தோழிக்கும், படம் வரையக் கற்றுக்கொடுத்த பள்ளி டீச்சருக்கும், விடியற்காலையில் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டிவிட்டுக் காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

ஆயா, அடுத்த பார்சலில் கருவாடு வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் பாவம். பூண்டு ஊறுகாய் போதும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்