ஆலோசனை அறை வாசலில் இருக்கும் நோட்டு

பெறுநர்: மறுவாழ்வுத் துறை மற்றும் உயர்கல்வித் துறை அதிகாரிகள், தமிழ்நாடு அரசு

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

திருச்சி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களிலிருந்து இலங்கைத் தமிழர் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவனை மனதில் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் மனநல ஆலோசனை அறை ஒன்று உண்டு. வாரம் இரண்டு நாள் ஆலோசகர் வருவார். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் அட்டை போட்ட நீள நோட்டு. பெயர், வகுப்பு, முகவரி, செல் நம்பர், வந்த காரணம் என்று ஸ்கேலால் கோடு போட்டிருக்கும். போன டிசம்பரில் மூன்றாமாண்டு மாணவன் ஒருவனை நானே அங்கே கூட்டிப்போனேன். மூன்று வாரமாக அவனுக்குத் தூக்கம் இல்லை. பருவத் தேர்வில் பதிவெண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருந்தான். நோட்டில் பெயரையும் வகுப்பையும் எழுதினான். முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. முகாம் பெயரை எழுத வேண்டிய இடம் அது. மூடியை மாட்டி, "அப்புறம் வர்றேன் மேடம்" என்று படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் மரத்தடியில் வைத்துக் கேட்டேன். "எங்கள்ட்ட யார் வந்து கேட்டாலும் எழுதிக்கிட்டுதான் கேப்பாங்க மேடம். எழுதினது எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றான்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்குப் பல விஷயங்கள் புரிந்தன. முகாம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே, முகாமில் ஆள் கணக்கெடுப்பதைக் குறிக்கும் 'செக்கிங்' என்ற சொல்லையும் பழகுகிறார்கள். பெயர் வாசிக்கும்போது ஆள் நிற்க வேண்டும். வெளியூரில் தங்க வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'கியூ பிராஞ்ச்' என்ற காவல்துறை உளவுப் பிரிவு அவர்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெயர். இப்படி வளர்ந்த பிள்ளையிடம், முன்பின் தெரியாத ஒருவர் கனிவாக "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேட்டால், அதுவும் விசாரணையாகத்தான் அவன் காதில் விழும்.

கஷ்டம் என்ன என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அவன் பிறந்தது இங்கேதான். ஆனால் 2003இல் குடியுரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலே இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அது பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவாது. அவனுடைய அண்ணன் பி.காம். முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறார். முகாம்களில் இது ஊரறிந்த கதை. அண்ணனின் சட்டையில் காய்ந்த டிஸ்டம்பரைத் தினம் பார்த்துக்கொண்டே இவன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தீர்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினீர்கள். புது வீடுகள் எழும்புகின்றன. மனநலத்துக்கு 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' சேவை இருக்கிறது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு பெண்பிள்ளை எந்த மூலையில் நின்று அந்த எண்ணில் பேசுவாள்? அவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேசக் கிடைக்கும் ஒரே அறை கல்லூரி ஆலோசனை அறைதான். அதனால்தான் அந்த நோட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 18ஆம் பிரிவில் 'ஒவ்வொரு நபருக்கும்' சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை. 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. அதில் விதிவிலக்குகளும் உண்டு. 'பொதுப் பாதுகாப்பு' கடைசியாக வரும் விதிவிலக்கு. நம் பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். முகாம் பிள்ளை அங்கேயே நின்றுவிடுவான்.

ஆகவே நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. முகாம் மாணவர் ஆலோசகரிடம் பேசியது, அவர் அங்கே போனார் என்ற தகவல் உட்பட, முகாம் பதிவேட்டுக்கோ எந்தக் கண்காணிப்புக்கோ போகாது என்று இரண்டு துறைகளும் சேர்ந்து எழுத்தில் சொல்ல வேண்டும். ஆலோசனைக்கு முகவரி கேட்கக் கூடாது. அந்தத் தாளைத் தமிழில் அச்சிட்டு அறைக் கதவிலேயே ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. சமூகப்பணியும் உளவியலும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் முகாம் பட்டதாரிகளை ஆலோசகர்களாக நியமித்தால் இன்னும் நல்லது. செக்கிங் நாள் என்றால் என்ன என்று அவர்களிடம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கல்லூரி முதல்வரிடம் பேசினேன். அவர் நோட்டை எடுத்துவிட்டார். இப்போது மேசையில் எண் போட்ட சீட்டுகள் மட்டுமே இருக்கின்றன. பிப்ரவரியில் அந்த மாணவன் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு தானாகவே உள்ளே போனான். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். அதன்பிறகு நான்கு முறை போயிருக்கிறான்.

முதல்வர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஜூனில் புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். அதற்குள் சுற்றறிக்கை வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை, திருச்சி